மஞ்சள் விளக்கை அணைக்கும் முன்

காலை ஆறரை மணி. அக்கரப்பத்தனையில் நல்ல குளிர். டயகமவைச் சேர்ந்த ஓர் அம்மாவையும் நிறைமாதமான அவரது மகளையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா வைத்தியசாலைக்குப் புறப்பட்டேன். 1977 கலவரத்தின் பின் சிறுமியாகக் கிளிநொச்சிக்குப் போனவர் அந்த அம்மா. 2009இல் முகாம் வாழ்க்கையையும் கண்டு, பின்னர் உறவினரிடம் தோட்டத்துக்கே திரும்பியவர்.

சிறிது தூரம் போனதும் மீற்றருக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. குதிரை லாடம் போன்ற உருவம், நடுவே ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

முதல் வாரமும் இதே விளக்கு எரிந்தது. கராஜில் காட்டினேன். "இந்தப் பொத்தானை அமத்துங்க மிஸ், அணைஞ்சிரும்" என்றார்கள். அணைந்தது. நானும் நிம்மதியாக ஓடித் திரிந்தேன்.

அன்று பெற்றோல் ஷெட்டில் நிறுத்தி அளந்தோம். 32 பிஎஸ்ஐ இருக்கவேண்டிய பின் டயரில் 19தான் இருந்தது. ஓர் ஆணி ஏறியிருந்தது. மாற்று டயரைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம். வளைவும் பள்ளமும் நிறைந்த அந்த வீதியில் டயர் கைவிட்டிருந்தால் என்னவாகியிருக்கும்!

சில கார்களில் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் அழுத்தத்தை அளக்கும் கருவி உண்டு. வேறு சிலவற்றில், எந்தச் சில்லு மற்றவற்றைவிட வேகமாகச் சுழல்கிறது என்பதை வைத்துக் கார் கண்டுபிடிக்கிறது. எங்களுடையது இரண்டாவது வகை. இதில் பொத்தானை அமத்தினால், அப்போதிருக்கும் காற்றையே சரியான அளவென்று கார் மனதில் வைத்துக்கொள்ளும். குறைந்த காற்றோடு அமத்தியதால், பொய்யைத்தான் நாம் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

சரியான முறை இதுதான். வாகனம் ஓடிச் சூடேறும் முன் காற்றை அளக்கவேண்டும். சரியான அளவு பெரும்பாலும் சாரதிப் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். டயரில் பொறித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதைப் பின்பற்றக்கூடாது. நான்கு டயர்களையும் சரிசெய்த பின்னரே பொத்தானை, விளக்கு சிமிட்டும் வரை அமத்திப் பிடிக்கவேண்டும். பின்னர் சிறிது தூரம் ஓட்டினால் கார் புதிய அளவைப் பழகிக்கொள்ளும். பொத்தான் இல்லாத கார்களுக்குக் கைநூலைப் பாருங்கள்.

வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் குறைந்தால் அழுத்தமும் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ குறையும். எனவே குளிர்காலையில் ஆணி இல்லாமலும் விளக்கு எரியலாம். அப்போதும் அளந்து பாருங்கள். காரை இயக்கியதும் விளக்கு ஒரு நிமிடமளவு சிமிட்டிவிட்டு நின்று எரிந்தால், பெரும்பாலும் கருவியில் கோளாறு.

அமெரிக்காவில் டயரின் மேற்பட்டை கழன்று பலர் இறந்த விபத்துகளின் பின், 2000இல் வந்த சட்டமே இவ்விளக்கைக் கட்டாயமாக்க வழிசெய்தது. முச்சக்கரவண்டி ஓட்டிக் குடும்பம் நடத்தும் சகோதரிகளுக்கோ இந்த விளக்கே இல்லை. காற்றளக்கும் சிறு கருவியொன்றை வாங்கி வைத்து, மாதம் இரு தடவையாவது அளந்து பாருங்கள்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா திரும்பும் வழியில் சொன்னார்: "முகாம்ல எங்களுக்கும் இப்பிடித்தான் மிஸ். தலைவலின்னா பனடோல் குடுத்து அனுப்பிருவாங்க. ஏன் தூக்கம் வரலைன்னு ஒருத்தரும் கேக்கல."

அன்று மாலை எங்கள் குழுக் கூட்டத்தில் அவரைத்தான் முதலில் பேசச் சொன்னேன். இரண்டு மணித்தியாலம் பேசினார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.