வயிற்றுக்குள் ஒரு பாக்குவெட்டி

மாணவர்களே, பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் பாக்குவெட்டியைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் வைத்த பாக்கு தப்ப முடியாது. நம் வயிற்றுக்குள்ளும் அப்படி ஓர் இடம் உண்டு.

சிறுநீரகங்கள் சுத்திகரித்த இரத்தத்தைச் சிரைகள் கீழ்ப்பெருஞ்சிரைக்குக் கொண்டு செல்கின்றன. அது உடலின் வலப்பக்கம் இருப்பதால், இடச் சிறுநீரகச் சிரை நீண்ட தூரம் குறுக்கே வர வேண்டும். வழியில் இரண்டு தமனிகளுக்கு இடையே அது நுழைகிறது. பின்னால் பெருந்தமனி, முன்னால், அதிலிருந்து கிளைத்துக் கீழே இறங்கும் குடல் தமனி. இவ்விரண்டின் இடைக்கோணம் மிகவும் குறுகினால் சிரை நசுங்கும். 1937-இல் உடற்கூறியல் அறிஞர் கிராண்ட் இந்த அமைப்பைக் கொட்டை உடைக்கும் கருவிக்கு ஒப்பிட்டார். அதனால் இந்நோய்க்கு 'நட்கிராக்கர்' என்றே பெயர்.

தண்ணீர்க் குழாயை மிதித்தால் என்ன ஆகும்? பின்பகுதியில் அழுத்தம் கூடும். இங்கும் அதேதான். சிறுநீரகத்தின் மெல்லிய நாளங்கள் கசிந்து, சிறுநீரில் இரத்தம் கலக்கும். புரதமும் வெளியேறலாம். விலாவின் இடப்பக்கம் வலிக்கும். ஆண்களுக்கு இடப்பக்க விதைப்பைச் சிரைகள் புடைக்கலாம். அவையும் இதே சிரையில்தான் வந்து சேர்கின்றன.

மருத்துவர் முதலில் சிறுநீரைச் சோதித்து, கிருமித்தொற்றா, கல்லா என்று பார்ப்பார். பிறகு டாப்ளர் ஸ்கேன். குறுகிய இடத்தில் இரத்தம் வேகமாகப் பாய்வதை அது காட்டும். சிடி ஸ்கேனில் கோணத்தை அளக்கலாம். சந்தேகம் தீராவிட்டால், மெல்லிய குழாயைச் சிரைக்குள் செலுத்தி அழுத்தத்தை அளப்பார்கள். இரு சிரைகளுக்கும் இடையே வழக்கமாக 1 மில்லிமீட்டர் பாதரசம் வரையே வேறுபாடு இருக்கும். 3-ஐத் தொட்டால் நோய் என்று கருதுவார்கள். படத்தில் சிரை குறுகித் தெரிந்தும் நலமாக இருப்போர் உண்டு. எனவே படம் மட்டும் போதாது.

உங்கள் வயதினருக்குப் பெரும்பாலும் கத்தி தேவையில்லை. உடல் வளர, எடை கூட, தமனிகளுக்கு நடுவே கொழுப்பு மெத்தைபோல் அமைந்து கோணம் விரியும். அதுவரை மருத்துவரின் கண்காணிப்பு போதும். கடுமையான நிலையில் மட்டும் சிரையை வெட்டிச் சற்றுக் கீழே இணைப்பார்கள். சிலருக்கு ஸ்டென்ட் வைப்பார்கள்.

ஒல்லியாக வேண்டும் என்று பட்டினி கிடக்கும் மாணவர்களை நான் வகுப்பில் பார்க்கிறேன். அவசரமாக மெலிந்தால் அந்த மெத்தையும் கரையும். நினைவிருக்கட்டும்.

இன்னொன்று. சிவப்பு டிராகன் பழம் சாப்பிட்டாலும் சிறுநீர் சிவக்கும். பழமா, இரத்தமா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். வெட்கப்பட்டு மறைக்காமல் பெற்றோரிடம் சொல்லுங்கள். எளிய சிறுநீர்ச் சோதனை உண்மையைச் சொல்லிவிடும்.