விலை குறைந்த டிவிடி பிளேயர்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

இணையத்தில் எல்லாப் படமும் கிடைக்கும்போது டிவிடி பிளேயர் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் இணையத் தளத்தில் இன்று இருக்கும் படம், உரிமக் காலம் முடிந்ததும் இல்லாமல் போகிறது. கல்யாண வீடியோவும் பெண்ணின் அரங்கேற்றமும் தளங்களில் தேடினால் கிடைப்பவை அல்ல. அலமாரியில் டிவிடிகள் அடுக்கியிருக்கும் வீட்டுக்குப் பிளேயர் வேண்டும். விலை குறைந்ததே போதும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட படத் துல்லியத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை, டிவிடியைப் படிக்கும் திறனைத்தான் சோதித்து வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

‘1080பி அப்ஸ்கேலிங்’ என்ற விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் வழங்கும் பால் (PAL) என்ற டிவி முறையில் பதிந்த டிவிடியில் ஒரு சட்டகத்துக்கு 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள். என்டிஎஸ்சி முறையில் இன்னும் குறைவு. ஃபுல் எச்டி திரைக்கோ 20 லட்சத்து 73 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் வேண்டும். ஆக, ஐந்தில் ஒரு புள்ளிதான் டிவிடியிலிருந்து வருகிறது. மற்ற நான்கும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்பப்படுபவை. பதிவாகாத முகச் சுருக்கத்தை எந்தச் சிப்பாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. நல்ல சிப் ஓரங்களைப் பிசிறில்லாமல் நிரப்புமே என்றால், அது உண்மை. ஆனால் அதே வேலையைச் செய்யும் சிப் எச்டி டிவிக்குள்ளேயே இருக்கிறது. பிளேயரின் செட்டிங்கில் 576பி என்று வைத்து ஒரு முறை, 1080பி என்று வைத்து ஒரு முறை பார்த்தால் எது தேவலை என்று கண்ணே சொல்லிவிடும். படம் கண்ணுக்குத் தெரிந்து மாறுவது வயரால்தான். மஞ்சள் முனை வயரில் ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து போவதால், எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசியும். எச்டிஎம்ஐ வயரில் அந்தக் கலப்பே இல்லை. பழைய குழாய் டிவி என்றால் மஞ்சள் முனையே போதும்; புதிய டிவி என்றால் அதில் அந்தத் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பலவற்றில் இல்லை.

பிளேயரின் உண்மையான உழைப்பு லென்ஸுக்குக் கீழே நடக்கிறது. டிவிடியில் தகவல், நடுவிலிருந்து வெளியே சுற்றிச் செல்லும் ஒரே சுருள் தடமாக இருக்கிறது. ஓர் அடுக்கின் தடத்தை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் வரும். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு நடுவே 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளி. ஒரு தலைமுடியின் அகலத்தில் ஏறத்தாழ நூறு சுற்றுகள் அடங்கும். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் அந்தத் தடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும். லேசாக வளைந்த டிவிடி சுழலும்போது மேலும் கீழும் ஆடும். மெல்லிய கம்பிகளில் தொங்கும் லென்ஸ், காந்தத்தாலும் கம்பிச்சுருளாலும் இழுக்கப்பட்டு, அந்த ஆட்டத்தோடு சேர்ந்து ஆடிக் குவியம் தப்பாமல் பார்த்துக்கொள்கிறது. ஆட்டம் மிகுவது விளிம்பில்; முக்கால் படம் ஓடிய பிறகு காட்சி உறைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடையில் வாங்கும் சினிமா டிவிடியில் குழிகள் அச்சாக அழுத்தப்பட்டவை. ஸ்டுடியோக்காரர் எழுதிக் கொடுத்த கல்யாண டிவிடியில் இருப்பது சாயப் படலத்தில் லேசர் சுட்ட தழும்புகள். வெயிலிலும் சூட்டிலும் அந்தச் சாயம் மங்கும். மங்கிய தழும்பைப் படிப்பதில்தான் பிளேயருக்குப் பிளேயர் வேறுபாடு தெரிகிறது, அதை எந்தப் பெட்டியிலும் அச்சிடுவதில்லை.

மலிவானது சீக்கிரம் பழுதாகும் என்பார்கள். பழுதாவது பெரும்பாலும் அந்த லேசர் பகுதிதான். கடைக்காரர் மொழியில் ‘லென்ஸ் போச்சு’. சில நேரம் படிந்த தூசியைத் துடைத்தாலே சரியாகிவிடும். தேய்ந்த பகுதியை மாற்றவும் முடியும், பல பிராண்டுகளுக்குள் ஒரே வகைப் பாகம்தான் இருக்கிறது. ப்ளூரே பிளேயரில் டிவிடியும் ஓடுமே என்றால், ப்ளூரே வட்டு வைத்திருப்பவர் அதையே வாங்கலாம். மற்றவர்களுக்கு அது வீண் செலவு.

டிவிடி எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதைக் குறிக்கும் மண்டல எண்ணை மட்டும் மறக்க வேண்டாம். இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, பிரிட்டன் 2, அமெரிக்காவும் கனடாவும் 1. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் டிவிடிகளும் ஓட வேண்டுமென்றால் எல்லா மண்டலத்தையும் ஏற்கும் பிளேயராகக் கேளுங்கள்.

கடைக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் ஆகப் பழைய கல்யாண டிவிடியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முதல் காட்சியைப் போட்டுக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டச் சொல்லுங்கள். அதைத் தடங்கலில்லாமல் ஓட்டும் பிளேயரை வாங்குங்கள். அந்த டிவிடிக்கு வேறு பிரதி இல்லையென்றால், சாயம் மேலும் மங்குவதற்குள் கணினியில் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.