உண்ணும் பூச்சிகள் – 6: புற்றுவாயில் கறிவேப்பிலை

கறையானுக்கு இறகு முளைத்தால் ஈசல் என்பதும், அது மழைக்குக் காத்திருந்து புறப்படும் என்பதும் சென்ற வாரமே சொல்லியாயிற்று. இந்த வாரம் ஒடிசாவின் செவ்வெறும்புச் சட்னிக்குப் போயிருக்க வேண்டும். நடுவில் கோனிக் வந்து வழிமறித்துவிட்டார்.

யோகான் கெர்ஹார்ட் கோனிக், தாவரங்களுக்குப் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். 1768இல் டேனிஷ் மிஷனின் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். பிறகு ஆற்காடு நவாப் முகமது அலியிடம் இயற்கை ஆய்வாளராக வேலை பார்த்தார். 1779இல் கோனிக் கறையானைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். புற்றுக்குள் கறையான் காளான் வளர்ப்பதை முதன்முதலில் எழுதியவர்களில் அவர் ஒருவர்.

ஈசல் பிடிக்கும் முறையையும் அவர் விடவில்லை. புற்றில் இரண்டு துளை போடுவார்கள்: ஒன்று காற்று வரும் பக்கம், மற்றொன்று எதிர்ப்பக்கம். எதிர்ப்பக்கத் துளையில் ஒரு பானையின் வாயைப் பொருத்துவார்கள். காற்றுப் பக்கம் நாற்றமடிக்கும் பொருள்களைக் கொளுத்திப் புகை போட்டால் ஈசல் பானைக்குள் பாயும். சில நேரம் நல்ல பாம்பும் வரும்! பிடித்ததை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்றார்கள். அளவுக்கு மீறித் தின்றால் வயிற்றுக்கடுப்பு வரும் என்றும் எச்சரித்திருக்கிறார். 1781இல் ஹென்றி ஸ்மீத்மன் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் எழுதிய புகழ்பெற்ற கறையான் கட்டுரையில் இந்தச் செய்தியை எடுத்தாண்டார்.

அந்தப் பானையின் உட்புறத்தில் முன்கூட்டியே ஒரு வாசனைத் தழையைத் தேய்த்துவைப்பார்களாம். கோனிக் அதற்குத் தரும் பெயர் பெர்கெரா. பெர்கெரா என்றால் நம் கறிவேப்பிலை! அதன் முழு அறிவியல் பெயர் பெர்கெரா கோனிகி. லின்னேயஸ் தன் மாணவரைச் சிறப்பிக்க வைத்தது. திருச்சி காந்தி மார்க்கெட்டில் கொசுறாகக் கிடைக்கும் கொத்துக்கு, ஈசல் பானையை எட்டிப்பார்த்த மனிதரின் பெயர்.

ஈசல் உணவு கோனிக்குக்கு மிக மூத்தது. பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் புறநானூறு 119ஆம் பாட்டில், புற்றீசலும் மோரும் சேர்ந்த புளித்த உணவைக் கபிலர் குறிப்பிடுகிறார். பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை திருச்சிக்குத் தெற்கே சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. இன்றும் செம்மண் காட்டு ஊர்களில், மழை விட்ட மாலையில் புற்றருகே குழி தோண்டி விளக்கு வைத்து ஈசல் பிடிப்பவர்கள் உண்டு. வறுத்து, முறத்தில் புடைத்து இறகு நீக்கி, வறுத்த அரிசியோடு கலந்து தின்பார்கள். அதே மாலையில் ஸ்ரீரங்கத்து வீடுகளில் விளக்கை அணைத்து ஜன்னலைச் சாத்துகிறார்கள்.

புகையா, விளக்கா என்பதில்தான் அறுவடையின் நியாயம் இருக்கிறது. புகை போடப் புற்றைத் துளைக்க வேண்டும்; விளக்குக்கு வருவது தானாக வெளியே வந்தது. ஒரு புற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் ஈசல் கிளம்பினாலும், காகம், தவளை, ஓணான், பல்லி எல்லாம் தின்றது போக, ஜோடி சேர்ந்து புதுப் புற்று தொடங்குபவை மிகச் சொற்பம். வெளியே வந்ததில் மனிதர் கொஞ்சம் எடுத்தால் புற்றுக்கு நட்டமில்லை. புற்றையே வெட்டினால் கதை வேறு. உள்ளே அரசனும் அரசியும் இருக்கிறார்கள். அரசி பல ஆண்டுகள் வாழ்ந்து முட்டையிடுபவள். சருகையும் மரத்தூளையும் மென்று கறையான் கட்டிய அடைகளில் டெர்மிடோமைசிஸ் என்ற பூஞ்சை வளர்கிறது. கறையானுக்கு உணவாவது அதுவே. மழைக்குப் பின் மண்ணைப் பிளந்து வரும் புற்றுக்காளானும் அதன் விளைச்சல்தான். ஒரு புதுப் புற்று ஈசல் விடும் அளவுக்குத் தேறச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

புற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கும் ஊர்களில் கடப்பாரை அதன் மேல் எளிதில் விழாது. மனைப்பிரிவுக்கு நிலம் சமன்செய்யும் பொக்லைனுக்கு அந்தத் தயக்கம் கிடையாது.

மழைக்காலத்தில் ஈசல் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெளியே வந்ததை மட்டும் எடுங்கள், புற்றில் கை வைக்காதீர்கள். கறையான் மருந்து அடித்த இடத்து ஈசலை உண்ணாதீர்கள். இறால், நண்டு ஒவ்வாதவர்கள் ஈசலையும் தவிர்ப்பது நல்லது. செவ்வெறும்புச் சட்னி அடுத்த வாரம்.