வாசித்துக் காட்டினால் நாடகம் வளரும்

புதிதாக எழுதிய நாடகத்தை மேடையேற்றுமுன் வாசித்துக் காட்டுவது நல்ல வழக்கம். உடுப்பு, திரை, லைட் ஒன்றும் தேவையில்லை. நடிப்பவர்கள் தாளைப் பார்த்தே பேசுவார்கள்; காட்சி விபரத்தை ஒருவர் வாசிப்பார். சனம் எங்கே சிரிக்குது, எங்கே கொட்டாவி விடுது என்று பார்த்து எழுதியவர் திருத்துவார். சினிமாக் கதைவசனத்துக்கும் இதே முறைதான்.

அமெரிக்காவில் ஓநீல் நாடக நிலையம் 1960களிலிருந்து இதைச் செய்து வருகிறது. ஆகஸ்ட் வில்சன் வீட்டு வேலை செய்த தாயின் மகன். சிறுவயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர். அங்கு அவர் அனுப்பியவை பலமுறை தள்ளப்பட்டன. 1982இல் ஒன்று வாசிக்கப்பட்டது. 1984இல் பிராட்வே மேடை ஏறியது. பிறகு இருமுறை புலிட்சர் பரிசு பெற்றார்.

நமது லயங்களிலும் கொப்பியில் எழுதி ஒளித்து வைக்கும் பிள்ளைகள் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி உட்கார்ந்து கேட்போம். குறையிருந்தால் பக்குவமாகச் சொல்வோம். பிள்ளையைக் கேலி பண்ண வேண்டாம்.