அயர்லாந்தின் கொல்லுப்பட்டறைகள்

"லாடம்னா என்ன தாத்தா?" என்று பேரன் கேட்டான். சொல்ல வாயெடுத்தபோதுதான், சிறுவயதில் கண்ணால் பார்த்த நானே பாதியை மறந்துவிட்டேன் என்பது உறைத்தது. விவரம் தேடப் போன இடத்தில் அகப்பட்டது அயர்லாந்து.

1937 முதல் 1939 வரை அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் ஓர் அரிய காரியம் செய்தது. 26 மாவட்டங்களில் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு ஊர்ச் செய்திகளை எழுதினார்கள். எழுதியவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். அதில் ஒரு தலைப்பு, 'உள்ளூர்க் கொல்லுப்பட்டறை'. சின்னஞ்சிறு ஊர்களில்கூட இரண்டு மூன்று பட்டறைகள் இருந்ததை அந்த நோட்டுகளில் காணலாம்.

பட்டறை பெரும்பாலும் நாற்சந்தியிலோ ஓடைக்கரையிலோ இருக்கும். நாற்சந்தி, குதிரைகள் வந்துபோக வசதி. ஓடை எதற்கு? வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போட. இரும்புப் பட்டாவைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகவே வளைப்பார்கள். தீயில் பழுத்ததும் அது விரியும். குறடால் தூக்கி மரச்சக்கரத்தில் மாட்டி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டா சுருங்கி, ஆரக்கால்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இரும்பு தோய்த்த தொட்டித் தண்ணீர் மருவைப் போக்கும் என்றும் நம்பினார்கள். ஐரிஷ் மொழியில் 'மெக்கவன்' என்றால் கொல்லன் மகன். ஆங்கிலம் மேலோங்கிய காலத்தில் கேவன் மாவட்டத்தில் பல மெக்கவன்கள் 'ஸ்மித்' ஆனார்கள். பொருள் நின்றது, பெயர் போயிற்று.

கொல்லர்களுக்கு ஆபத்தான காலமும் உண்டு. 1798 கிளர்ச்சியில் ஏழை உழவர்கள் ஏந்திய ஈட்டிகள் இந்தப் பட்டறைகளில் வடித்தவையே. ஈட்டி எங்கே என்று கேட்டுக் கொல்லர்களைச் சவுக்கால் அடித்தார்கள், பட்டறைகளைக் கொளுத்தினார்கள். அந்த ஆண்டு ஜூன் 21 அன்று என்னிஸ்கார்த்தி என்ற நகரை அடுத்த வினிகர் குன்றில் கிளர்ச்சிப்படை தோற்றது.

பட்டாளத்தையும் தாங்கிய பட்டறையை டிராக்டர் வென்றது. உழவுக்குதிரை போயிற்று; உலையும் அணைந்தது. ஆனால் பிள்ளைகள் எழுதியது இருக்கிறது. இன்று அது இணையத்தில், யாரும் படிக்கலாம்.

ஊரை விட்டு வந்த நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளை கையில் ஒரு நோட்டைக் கொடுங்கள். "பாட்டி, நம்ம ஊர்ப் பட்டறை எங்க இருந்துச்சு?" என்று அவன் கேட்கட்டும். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.