இருபத்திரண்டு நிமிடங்கள்

நுழையும்முன்

உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றுதானா? வீட்டையும் அலுவலகத்தையும் ஒருசேரச் சுமக்கும் பெற்றோருக்கு உடலைப் பேண நேரம் எங்கிருந்து கிடைக்கும்? காவிரிப் படுகையின் மாறிவரும் வாழ்க்கையைக் களமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

வயலும் நாற்காலியும்

இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ‘உடற்பயிற்சி செய்கிறீர்களா?’ என்று கேட்டிருந்தால், கேட்டவரை வியப்போடு பார்த்திருப்பர். உடற்பயிற்சி என்பது சிலம்பக் கூடத்துக்கும் பள்ளி விளையாட்டு வேளைக்கும் உரிய சொல்லாக இருந்தது. ஏனையோருக்கு வாழ்க்கையே உடலை வருத்தியது. நாற்றுப் பறித்து, முடி கட்டி, சேற்றில் குனிந்து நடவு நட்ட பெண்கள் வீடு திரும்பியபின் உலக்கை பிடித்து நெல் குத்தினர், ஆட்டுக்கல்லில் மாவரைத்தனர், குளத்திலிருந்தும் ஆற்றிலிருந்தும் குடம் குடமாக நீர் சுமந்தனர். ஆண்கள் ஏர் பிடித்தனர். வரப்பில் அண்டை வெட்டினர். கதிர்க்கட்டுகளைத் தலையில் ஏற்றிக் களத்துக்குக் கொண்டுசேர்த்தனர்.

இன்று உழவு இயந்திரமும் நடவு இயந்திரமும் கதிர் அறுக்கும் இயந்திரமும் குறுவை, சம்பா, தாளடி என எல்லாப் பட்டங்களிலும் வயலுக்குள் இறங்கிவிட்டன. ஒரு வேலி நிலத்தை, அதாவது ஏறத்தாழ ஆறரை ஏக்கரை, ஊரே கூடிப் பல நாள்கள் அறுத்த காலம் போய்விட்டது. இயந்திரம் அதனைச் சில மணி நேரங்களில் அறுத்து, அடித்து, நெல்லாகக் கொட்டிவிடுகிறது. மின்சார மாவரைப்பானும் அரைவை இயந்திரமும் சமையலறைக்கு வந்தன. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டம் அவற்றை எளிய குடும்பங்களிடமும் சேர்த்தது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் படித்து ஆசிரியர்களாக, செவிலியர்களாக, வங்கி எழுத்தர்களாக, கடை ஊழியர்களாக நகரங்களுக்குச் சென்றனர். உட்கார்ந்தோ ஓரிடத்தில் நின்றோ செய்யும் வேலை பெருகியது. வயலுக்கு உரிய அளவில் வழங்கிய சோறு மட்டும் தட்டில் மாறாமல் இருந்தது.

பழைய உழைப்பே நல்லது, அதற்கே திரும்புவோம் என்று சொல்வோரும் உளர். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று. நாள் முழுவதும் குனிந்து நட்டவரின் இடுப்பு வலியைக் கண்டவர்கள் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள். டென்மார்க் ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் முதலியோர் வேலையின் பொருட்டுச் செய்யும் உடலுழைப்பையும் ஓய்வு வேளையில் விரும்பிச் செய்யும் உடலியக்கத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பின்னது தரும் நன்மைகளை முன்னது அதே அளவில் தருவதில்லை என்பது அவர்கள் முன்வைக்கும் கருத்து. அறிஞரிடையே இதுகுறித்து இன்னும் வாதம் நடைபெறுகிறது. எனினும் காரணத்தை உய்த்துணர்வது கடினமன்று. வேலையில் சுமையும் வேகமும் நம் கையில் இல்லை, மணிக்கணக்கில் நீளும், இடையில் ஓய்வு கிடைப்பதில்லை. பயிற்சி குறுகியது, அளவு நம்முடையது, முடிந்தபின் உடல் தேறிக்கொள்ள நேரம் உண்டு. ஆகவே ‘நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறாளே, அவளுக்கு எதற்குத் தனியாக நடைப்பயிற்சி?’ என்னும் வழக்கமான பேச்சு, உழைப்பையும் பயிற்சியையும் ஒன்றாக எண்ணும் குழப்பத்திலிருந்து பிறப்பதாகும்.

இலண்டன் பேருந்தின் படிகள்

உட்கார்ந்தே இருப்பது தீங்கு என்பது இன்று பலரும் அறிந்த செய்தி. அதனை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் இங்கிலாந்து மருத்துவ ஆய்வாளர் ஜெரிமி மாரிஸ். இலண்டன் நகரத்து இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே நேரத்தில் பணியாற்றினர். ஓட்டுநர் பணிநேரத்தின் பெரும்பகுதியை இருக்கையிலேயே கழித்தார்; நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கினார். நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கே இதயநோய் மிகுதியாக வந்தது என்பதை மாரிஸ் குழுவினர் கண்டறிந்து, 1953இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டனர். அஞ்சல்துறையிலும் இதே வேறுபாட்டைக் கண்டனர். நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டுசென்ற அஞ்சல்காரர்கள், மேசையில் அமர்ந்த எழுத்தர்களைவிட இந்நோயால் குறைவாகவே பாதிக்கப்பட்டிருந்தனர். 1910இல் பிறந்த மாரிஸ், 99 வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார்.

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் அரசுப் பேருந்துகளில் மாடிப்படிகள் இல்லை. ஆனாலும் நெரிசலுக்கிடையே முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருக்கும் நடத்துநரையும் இருக்கையில் அமர்ந்திருக்கும் ஓட்டுநரையும் அடுத்தமுறை பயணம் செய்யும்போது கவனித்துப் பாருங்கள்.

தசைகள் இயங்கும்போது உடலில் நிகழ்வது என்ன? சுருங்கி விரியும் தசை, இன்சுலினை எதிர்பாராமலேயே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. அரிசிச் சோற்றை முதன்மை உணவாகக் கொண்ட பகுதிக்கு இது முக்கியமான செய்தி. வெள்ளரிசிச் சோறு விரைவில் செரித்துச் சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கிறது. உண்டபின் பத்து நிமிடம் நடந்தாலும் அவ்வேற்றம் தணிகிறது. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் இணைந்து நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக அவ்வாய்வு மதிப்பிட்டது.

எவ்வளவு வேண்டும்?

உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும். கடுமையான இயக்கமாயின் இதில் பாதி போதும். வாரத்தில் இரண்டு நாள்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை. உங்களைப் போன்ற வளரிளம் பருவத்தினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள்.

மிதமான இயக்கம் எது என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டா. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அந்த வேகமே மிதமான வேகம். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடிகள் நடந்தே தீரவேண்டும் என்று பலரும் நம்புகின்றனர். அந்த எண் ஜப்பானில் 1965இல் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவுக் கருவியின் பெயரிலிருந்து பரவியதே அன்றி, மருத்துவ ஆய்வில் தோன்றியதன்று.

இனிக் கணக்கிடுவோம். ஒரு வாரத்துக்கு 10,080 நிமிடங்கள். அதில் 150 நிமிடம் என்பது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. நாள்தோறும் என்றால் ஏறத்தாழ 22 நிமிடங்கள். ‘இந்த 22 நிமிடம்கூடவா கிடைக்காது?’ என்று கேட்பது எளிது. கேட்பவர் பெரும்பாலும் சமைத்து முடித்தவராக இருப்பதில்லை.

யாருடைய நேரம்?

அம்மாபேட்டையிலிருந்து தஞ்சாவூருக்கு நாள்தோறும் பேருந்தில் சென்றுவரும் ஓர் அலுவலக ஊழியரை எண்ணிப் பார்ப்போம். அவர் இரண்டு பிள்ளைகளின் தாய். காலை ஐந்து மணிக்கு எழுகிறார். வாசல் தெளித்துக் கோலமிட்டு, காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் சமைத்து, நான்கு டப்பாக்களில் அடைத்து, சிறியவனைக் கிளப்பி எட்டேகால் பேருந்தைப் பிடிக்கிறார். மாலை ஆறேமுக்காலுக்கு வீடு சேர்ந்தால் மீண்டும் அடுப்படி, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், மறுநாள் இட்லிக்கு மாவு. பத்தரைக்குப் படுக்கிறார். இவரிடம் ‘ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருங்கள்’ என்று அறிவுரை கூறுவது இரக்கமற்ற செயல். வயதுவந்தோருக்கு ஏழு மணி நேர உறக்கமாவது வேண்டும். உறக்கத்தை வெட்டிப் பெறும் பயிற்சி ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது போன்றதாகும்.

இஃது ஒரு வீட்டின் கதையன்று. இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரியவந்தது. 2024இல் மீண்டும் நடத்தப்பட்ட ஆய்வில் இவை முறையே 289, 88 என அமைந்தன. ஐந்தாண்டுகளில் பெண்களுக்குக் குறைந்தது பத்து நிமிடம். ஆண்களின் பங்கோ கூடவில்லை, அதுவும் குறைந்தது!

ஆகவே உடற்பயிற்சிக்கான நேரம் ஒருவரது மனவுறுதியை மட்டும் பொறுத்ததன்று. ஒரு வீட்டில் வேலை பங்கிடப்படும் முறையையும் பொறுத்தது. தன் உணவு டப்பாவைத் தானே கழுவுதல், சீருடைக்குத் தானே பெட்டி போடுதல், தம்பியின் வீட்டுப்பாடத்தைப் பார்த்தல், குழாயில் நீர் வரும்போது குடங்களை நிரப்பி வைத்தல் ஆகியவற்றைப் பதினோராம் வகுப்பு மாணவரோ மாணவியோ ஏற்றுக்கொண்டால், அந்த வீட்டின் தாய்க்கோ தந்தைக்கோ 22 நிமிடம் உண்மையாகவே விடுபடும். மகனும் மகளும் சமமாக ஏற்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியிருப்பதுதான் வருத்தம்.

தந்தையரின் நிலையும் எளிதன்று. காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை கடையில் நிற்பவருக்கும், இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்கும் மருத்துவமனை ஊழியருக்கும் ‘காலை நடை’ என்னும் சொல்லே பொருந்தாது.

துண்டு துண்டாய்ச் சேரும் நேரம்

முன்பு, தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் உடலியக்கம் கணக்கில் சேரும் என்றிருந்தது. 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அவ்வரம்பை நீக்கிவிட்டது. ஐந்து நிமிடமும் சேரும். மூன்று நிமிடமும் சேரும். பணிபுரியும் பெற்றோருக்கு இதனினும் நல்ல செய்தி வேறில்லை.

மேலே கண்ட அம்மாபேட்டை ஊழியர், அலுவலகத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி விரைந்து நடந்தால் எட்டு நிமிடம். மாலையிலும் அவ்வாறே செய்தால் இன்னுமோர் எட்டு. நண்பகல் உணவுக்குப்பின் அலுவலக மாடிப்படிகளில் இருமுறை ஏறி இறங்கவும், தாழ்வாரத்தில் நடக்கவும் ஆறு நிமிடம். இருபத்திரண்டு நிறைந்துவிட்டது. இதற்கெனத் தனிக் காலணியோ கட்டணமோ வேண்டா. ஒரு நாள் பேருந்து தாமதமானால் ஒரு துண்டுதான் விடுபடும். நாள் முழுவதும் வீணாவதில்லை.

தசை வலுவுக்கு நம்மிடம் தோப்புக்கரணம் இருக்கிறது. பிள்ளையார் முன் போடுவதும் வகுப்பறைத் தண்டனையாகப் போடுவதும் ஒருபுறம் இருக்க, தொடையையும் இடுப்பையும் வலுப்படுத்துவதில் அது நல்ல பயிற்சியே. குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் பத்துத் தோப்புக்கரணம் போட்டுவிடலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் அமர்ந்து, கைகளை ஊன்றாமல் எழுந்து மீண்டும் அமரலாம். சுவரில் கைகளை ஊன்றி உடலை முன்னும் பின்னும் தள்ளுவது தோளுக்கும் மார்புக்கும் ஏற்றது. நடுத்தர வயதில் தசையும் எலும்பும் மெல்லத் தேயத் தொடங்குவதால் நடை மட்டும் போதாது. பலர் விட்டுவிடுவதும் இப்பகுதியைத்தான்.

வார நாள்களில் இயலவே இயலாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மக்கள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, வாரத்தில் ஓரிரு நாள்களிலேயே முழு அளவையும் முடித்தவர்களிடமும் இறப்பு வாய்ப்பு குறைந்திருந்ததைக் காட்டியது. ஞாயிறு மாலை பிள்ளைகளோடு கபடியோ பந்தோ ஆடினால் பெற்றோரின் கணக்கும் பிள்ளைகளின் கணக்கும் சேர்ந்தே ஏறும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உள்ளோரும் கருவுற்ற தாய்மாரும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குதல் நன்று. 2021 முதல் நடைபெறும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டுக்கே வந்து பார்க்கப்படுகின்றன.

நடக்கும் இடம்

2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளப்படுத்தியது. நல்ல முயற்சி. ஆனால் எட்டுக் கிலோமீட்டரை முழுதும் நடக்க ஒன்றரை மணி நேரமாகும். பெற்றோருக்குத் தேவை அதன் கால்பங்கு நீளமும், அது வீட்டருகில் இருத்தலும், இரவில் விளக்கு எரிதலுமே. விடியுமுன் இருளில் தெருநாய்களுக்கு நடுவே நடக்கப் பெண்கள் தயங்குவதைச் சோம்பல் என்று சொல்லக் கூடாது. தெருவிளக்கு எரியச் செய்வது ஊராட்சியின், நகராட்சியின் கடமை. அதுவும் நலவாழ்வுப் பணியே.

காவிரிப் படுகைக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. ஊருக்கு ஊர் ஆற்றங்கரை. 1934இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாயை மக்கள் ‘புது ஆறு’ என்பர். அது தஞ்சை நகருக்குள்ளேயே ஓடுகிறது. வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு ஆகியவற்றின் கரைகள் நெல்வயலைப் பார்த்தபடி நடக்க ஏற்றவை. மேட்டூர் அணை திறந்து புதுநீர் வரும் நாள்களில் கரைக்கு வராதவர் யார்? கோடையில் இக்கரைகளில் காலை ஏழுக்கு முன்பும் மாலை ஐந்தரைக்குப் பின்பும் நடப்பதே பாதுகாப்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரை வழுக்கும். அப்போது திண்ணையும் மாடிப்படியும் தோப்புக்கரணமும் கைகொடுக்கும்.

தஞ்சை நகரில் வசிப்போருக்கு இன்னோர் இடம் இருக்கிறது. 1010இல் இராசராச சோழன் நிறைவுசெய்த பெரிய கோயிலின் திருச்சுற்று ஏறத்தாழ 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் உடையது. சுவரையொட்டி ஒருமுறை வலம்வந்தால் எழுநூறு மீட்டர் அளவுக்கு வரும். மூன்று சுற்று விரைந்து நடந்தால் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர், இருபத்திரண்டு நிமிடம். வெறுங்காலுடன் நடப்பதால் கோடையில் கல் சூடு தணியும் வரை காத்திருக்க வேண்டும்.