மூக்கையும் மூட வேண்டும்: விமானத்தில் பாட்டும் சிரிப்பும் எதற்கு?

டாலஸைத் தலைமையிடமாகக் கொண்ட சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் ஜனவரி 27, 2026 முதல் பயணிகளுக்கு இருக்கை எண் ஒதுக்குகிறது. ஏறியவர் பிடித்த இடத்தில் உட்காரும் அரை நூற்றாண்டு வழக்கம் அதோடு முடிந்தது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் வாசகர்கள், அந்த விமானங்களில் பணியாளர்கள் பாதுகாப்பு அறிவிப்போடு சேர்க்கும் பாட்டும் கிண்டலும் நின்றுவிடுமா என்று எழுதிக் கேட்கிறார்கள். நிற்காது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

பயணிகளை மகிழ்விக்கவே இதெல்லாம் என்கின்றன நிறுவனங்கள். அது பாதி உண்மை. 2009இல் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தில், சுமார் 70 சதவீதப் பயணிகள் பாதுகாப்புச் செயல்விளக்கத்தைப் பார்க்கவே இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. பாட்டும் சிரிப்பும் உடைக்க வேண்டியது இந்த அலட்சியத்தைத்தான்.

அதே ஆண்டு, சவுத்வெஸ்ட் பணியாளர் டேவிட் ஹோம்ஸ் அறிவிப்பை ராப்பாகவே சொன்னார். பயணிகள் கைதட்டி, காலால் தாளம் போட்டார்கள். தாளம் போடுகிறவர் அடுத்த அடிக்குக் காத்திருப்பார். காத்திருக்கும் காதில் அறிவிப்பு விழுந்துவிடும்.

நகைச்சுவை இன்னும் நுட்பமானது. முதலில் உங்களுக்கு ஆக்சிஜன் மாஸ்க், பிறகு குழந்தைக்கு என்பது விதி. "இரண்டு பிள்ளைகள் என்றால் எது உருப்படும் என்று இப்போதே முடிவுசெய்யுங்கள்" என்று பணியாளர்கள் சேர்த்துச் சொல்வதுண்டு. விதி புரியாதவருக்குச் சிரிப்பு வராது. சிரித்தவருக்கு விதி போய்ச் சேர்ந்துவிட்டது. வேடிக்கை விதியின் மேலேயே உட்கார்ந்திருப்பதுதான் இதன் சூட்சுமம்.

விதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் வீண். ஏர் நியூசிலாந்து 2009இல், உடம்பில் சீருடையை வண்ணமாகத் தீட்டிக்கொண்ட ஊழியர்களை வைத்துப் பாதுகாப்புக் காணொளி எடுத்தது. கட்டணத்தில் ஒளிவுமறைவில்லை என்ற விளம்பரத்தின் தொடர்ச்சி அது. பார்த்தவர்களின் கண் எங்கே போயிருக்கும்?

2018 ஏப்ரல் 17 அன்று சவுத்வெஸ்டின் 1380ஆம் விமானத்தில் எஞ்சின் சிதறி ஜன்னல் உடைந்தது. ஒரு பயணி இறந்தார். உள்ளே எடுத்த படத்தில் பலருடைய மாஸ்க் வாயை மட்டும் மூடியிருக்கிறது, மூக்கு வெளியே. 35,000 அடியில் ஆக்சிஜன் இல்லாமல் நிதானமாகச் செயல்பட ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. வேடிக்கை தேவைப்படுவது அந்த மூக்குக்குத்தான்.

மற்ற கேள்விகள்:

பாட வேண்டும் என்று சட்டமா? இல்லை, அறிவிப்பு மட்டுமே கட்டாயம்.

விதியை விட்டுவிட்டுப் பாடலாமா? கூடாது.

ஆங்கிலம் புரியாவிட்டால்? முன்சீட்டுப் பையில் படம் போட்ட அட்டை இருக்கும். அதில் மாஸ்க் மூக்கையும் மூடியிருக்கும், பாருங்கள்.